மறுப்புக் கடிதத்துக்கு ஒரு மறுமொழி

திருவட்டாறு, ஆற்றூர், குலசேகரம் பக்கத்து வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். நிலத்துப் பிரமாணம், கரம் கட்டிய ரசீது, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள்தான். சில ஆண்டுகளாக அந்தக் கவரில் இன்னொரு கட்டுக் காகிதமும் சேர்ந்திருக்கிறது. மகன் துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ ஆன்லைனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, மார்த்தாண்டத்துக் கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி அது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். வீட்டில் யாரும் படித்ததில்லை.

நம் ஊர்க்காரர்கள் உரிமையை லேசில் விடுகிறவர்கள் அல்லர். அரை சென்ட் நிலத்தில் வேலியைத் தள்ளிப் போட்டால் தாலுகா ஆபீஸ், சர்வேயர், பத்மநாபபுரம் கோர்ட் என்று வருடக்கணக்கில் நடப்பார்கள். அதே ஆள், மூன்று லட்சம் ரூபாய் ஆசுபத்திரிச் செலவைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால், அதை மடித்துக் கவருக்குள் வைத்துவிட்டு நகையை அடகு வைக்கப் போகிறார். “அவங்க இல்லேண்ணு எழுதிட்டாங்க, இனி என்ன செய்ய மக்களே?” என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது.

வேலித் தகராறில் எதிர்வீட்டுக்காரர் சொல்வதை யாரும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. காப்பீட்டு நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்புதான். பணம் கொடுக்க வேண்டிய தரப்பு, ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் காட்டி எழுதும் கடிதம் அது. அதற்கு மறுமொழி எழுத நமக்கு உரிமை இருக்கிறது. எழுதாமல் விடுவதால்தான் பெரும்பாலான பணம் போகிறது.

நூற்றுக்கு எழுபத்தொன்று

ஐஆர்டிஏஐ எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டு மருத்துவக் காப்பீட்டில் நாடு முழுவதும், முந்தைய நிலுவையையும் சேர்த்து, ஏறத்தாழ 1.17 லட்சம் கோடி ரூபாய்க்கான கிளெய்ம்கள் நிறுவனங்களின் முன் இருந்தன. நிறுவனங்கள் கொடுத்தது 83,493 கோடி. அதாவது கேட்ட நூறு ரூபாயில் 71 ரூபாய். 10,937 கோடி ரூபாய்க்கான கிளெய்ம்கள் நிராகரிக்கப்பட்டன. 15,100 கோடி ரூபாய் பாலிசி நிபந்தனைகளின்படி அனுமதிக்கப்படவில்லை. மிச்சம் ஆண்டு முடிவில் நிலுவையில் இருந்தது.

மறுக்கப்பட்ட எல்லாமே அநியாயமாக மறுக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது. எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்பது யாராவது எதிர்த்துக் கேட்டால்தான் தெரியும். கேட்டுப் பார்த்தவர்களின் அனுபவத்துக்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. அங்கே அரசின் இணையச் சந்தை வழியாக விற்கும் காப்பீட்டுத் திட்டங்களை கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை அமைப்பு ஆண்டுதோறும் ஆராய்கிறது. 2023-ல், நிறுவனங்களின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலிருந்து வந்த கிளெய்ம்களிலேயே நூற்றுக்கு 19 மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீடு செய்யப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படிச் செய்யப்பட்ட மேல்முறையீடுகளில் 44 சதவீதத்தில் நிறுவனமே தன் முடிவை மாற்றிக்கொண்டது.

நாடு வேறு, சட்டம் வேறு. ஆனால் கடிதத்தைப் பார்த்ததும் சோர்ந்து உட்காரும் மனித சுபாவம் ஒன்றுதான். எத்தனை பேர் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்பது கணக்குப் போடத் தெரிந்த எந்த நிறுவனத்துக்கும் தெரியும்.

மறுப்பு பிறக்கும் இடம்

மறுப்புக் கடிதம் ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு வருகிறது. அதன் விதை பெரும்பாலும் பாலிசி எடுத்த அன்றே விழுந்துவிடுகிறது. மகன் வெளிநாட்டில், இரவு ஷிப்ட் முடிந்த களைப்பில், செல்போனில் படிவம் நிரப்புகிறான். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்று கட்டங்கள் வருகின்றன. அப்பா குலசேகரத்து மருந்துக் கடையில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்குவது அவனுக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் அவள் பயப்படுவாள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிடுகிறான். ஊரில் ஏஜென்ட் வழியாக எடுத்தாலும் கதை இதுதான். “அதெல்லாம் எழுதினா பிரீமியம் கூடும் அண்ணே” என்று அவரே கட்டங்களை நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வதும் உண்டு.

பிறகு ஒருநாள் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கேட்கிறார்: “சுகர் எத்தனை வருஷமா இருக்கு?” கலங்கி நிற்கும் அம்மா, “அது ஒரு பத்து வருஷம் இருக்கும் டாக்டர்” என்கிறார். உண்மையில் நான்கோ ஐந்தோ ஆண்டாக இருக்கலாம். அந்தப் பத்து, கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வந்து, கடைசியில் மறுப்புக் கடிதத்தில் ‘முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்’ என்ற வாக்கியமாகிறது.

இந்தக் காரணத்துக்கு எதிராக என்ன சொல்லலாம்? முதலில் பாலிசியின் வயதைப் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இடைவெளியில்லாமல் 60 மாதம் புதுப்பித்துவந்த பாலிசியில், நோயை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவினால் மட்டுமே முடியும். முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அடுத்து, மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. சேர்க்கையின்போது யாரோ சொன்ன ஒரு வரியைத் தவிரப் பழைய மருந்துச் சீட்டோ சோதனை அறிக்கையோ இல்லாத பல வழக்குகளில், அந்த ஒரு வரி போதாது என்று நுகர்வோர் ஆணையங்கள் சொல்லியிருக்கின்றன. ஆண்டுக் கணக்கு தவறாகப் பதிவாகியிருந்தால், சிகிச்சையளித்த மருத்துவரிடமே பழைய சீட்டுகளைக் காட்டி விளக்கக் கடிதம் வாங்கலாம்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை இங்கே அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மன்மோகன் நந்தா என்பவர் 2009-ல் அமெரிக்கப் பயணத்துக்காகக் காப்பீடு எடுத்தபோது தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்பு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது. கொழுப்புக்கான மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று யுனைடெட் இந்தியா நிறுவனம் மறுத்தது. 2021 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா அமர்வு அதை ஏற்கவில்லை. உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காரணம் காட்டிப் பின்வாங்க முடியாது என்றது. ஆனால் 2009-ல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், கடுமையான சிறுநீரகக் கோளாறையும் சர்க்கரை நோயையும் படிவத்தில் மறைத்தவரின் குடும்பத்துக்கு அதே நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னவரைச் சட்டம் காப்பாற்றுகிறது, மறைத்தவரைக் கைவிடுகிறது. மகன்களும் ஏஜென்டுகளும் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய பாடம் இது.

சிரட்டைத் தண்ணீரும் சேர்க்கைத் தாளும்

நம் பகுதிக்கே உரிய இன்னொரு மறுப்பு, காய்ச்சலில் வருவது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் கொசு பெருகும், டெங்கு வரும். நோயாளியை நான்கு நாள் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வருகிறது: ‘சேர்க்கை அவசியமில்லை, வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம், கண்காணிப்புக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார்.’

நோயாளியைப் பார்க்காத ஒருவர் மேசையில் இருந்து எடுத்த முடிவு இது. இதற்கான பதில் பார்த்த மருத்துவரிடம்தான் இருக்கிறது. நாள்வாரியாகத் தட்டணுக்கள் எப்படிக் குறைந்தன, ரத்த அழுத்தம் எப்படி இருந்தது, எத்தனை பாட்டில் டிரிப் ஏறியது, ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதையெல்லாம் வைத்து அவர் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி இதைச் சொல்லாது. வார்டில் எழுதிய கேஸ் ஷீட் சொல்லும். அதன் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ன் மருத்துவர் நடத்தை விதிமுறைகளே கூறுகின்றன.

முழுதாக மறுக்காமல் பாதியை வெட்டுவதும் உண்டு. அதில் அதிகம் குழப்புவது அறை வாடகை. மூன்று லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வரம்பிருந்து, நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையோடு மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். ஆனால் மருந்து, ஸ்டென்ட் போன்ற உட்பொருத்திகள், பரிசோதனைகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020-லேயே ஆணையம் சொல்லிவிட்டது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் இந்த வெட்டுக்கு இடமில்லை. வந்த பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள், வெட்டப்பட்ட பட்டியலை ஒருமுறையாவது வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் நுழைக்கும் வரம்புகளும் அப்படித்தான். பக்கத்துக் கேரளத்தைச் சேர்ந்த ஜேக்கப் புன்னன் தம்பதி நெடுங்காலமாக ஒரே நிறுவனத்தில் பாலிசியைப் புதுப்பித்து வந்தவர்கள். 2008-ல் மனைவிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்தபோது, அந்தச் சிகிச்சைக்குப் புதிதாக ஒரு வரம்பு வந்துவிட்டது என்று சொல்லி நிறுவனம் இரண்டு லட்சம் மட்டும் கொடுத்தது. புதுப்பிக்கும் முன் அந்த மாற்றத்தைச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2021 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதின்மூன்று ஆண்டுகள் விடாமல் நின்றிருக்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எலும்பு முறிந்தாலும் நரம்பு பிசகினாலும் வர்ம ஆசானிடம் போவது குமரி மாவட்டத்து வழக்கம். சித்தா, ஆயுர்வேதம் போன்ற மருத்துவ முறைகளை அலோபதிக்கு இணையாகக் காப்பீட்டில் நடத்த வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அது பதிவுபெற்ற மருத்துவமனையில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சைக்குத்தான். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் அந்த வரையறைக்குள் வரும். எவ்வளவு கைராசிக்காரரானாலும் பதிவில்லாத ஆசானின் வைத்தியசாலை வராது. இங்கே மேல்முறையீட்டுக்கு அலைந்து பயனில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கதவுகள் எங்கே இருக்கின்றன

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்ப்போம். ஆசுபத்திரிக் கவுன்டரில் “கேஷ்லெஸ் கிடைக்கலை” என்று சொன்னால் கிளெய்மே போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கேஷ்லெஸ் மறுப்பு என்பது முன்கூட்டியே ஒப்புதல் தரவில்லை என்பதுதான். பணத்தைக் கட்டி, அசல் பில்களோடு பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெற முழு உரிமை உண்டு. 2024 மே 29 அன்று ஐஆர்டிஏஐ வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் தாமதித்து ஆசுபத்திரி கூடுதலாக வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.

அதே சுற்றறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆகவே உங்கள் முதல் கடிதத்தில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் தயாராகவே இருக்கின்றன: எந்தப் பிரிவு? மறுஆய்வுக் குழு எப்போது ஒப்புதல் தந்தது?

அந்தக் கடிதம் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். ஏஜென்டிடம் போனில் அழுவதும், கால் சென்டரில் சண்டை போடுவதும் கணக்கில் வராது. எழுத்தில், மின்னஞ்சலிலோ ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலோ அனுப்பியது மட்டுமே வரும். அதோடு ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிந்து எண் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அடுத்த கதவு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் எனப்படும் ஓம்பட்ஸ்மேன். 2017 விதிகளின்படி இயங்கும் இந்த அமைப்பில் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீடு இதன் வரம்புக்குள் வரும். தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. உத்தரவை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் புகார்தாரருக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும்.

திருவட்டாற்றுக்காரர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்தது, அப்படியானால் கொச்சி அலுவலகத்துக்கா போக வேண்டும்? வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்தை வைத்தே எழுதலாம். தமிழ்நாட்டுக்கு உரியது சென்னை அலுவலகம். எழுநூறு கிலோமீட்டர் பஸ் ஏறவும் வேண்டாம். 2021-ல் செய்த திருத்தத்தால் புகாரை ஆன்லைனில் கொடுக்கலாம், விசாரணைக்கு வீடியோவிலேயே ஆஜராகலாம்.

இதற்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ன் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து. அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தும் வைக்காமலும் வாதாடலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கடிதத்தில் எதை எழுதுவது? கஷ்டத்தை எழுதத் தோன்றும். கடன் வாங்கியது, நகை அடகில் இருப்பது. அவை உண்மைதான், ஆனால் அந்தக் கடிதத்துக்கு உதவாது. மறுப்பில் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்தெழுதி, அதற்கு நேராகப் பாலிசியின் வாசகத்தையும், அதற்கு நேராக மருத்துவரின் குறிப்பையும் வைத்தால் போதும். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தை நிறுவனம் பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த ஒரு பக்கக் கடிதம் நம்மைவிட நிறுவனத்தின் கையைத்தான் அதிகம் கட்டிப்போடுகிறது. அதனால்தான் அதைக் கிழித்துப் போடக் கூடாது.

எல்லைக்கு அப்பால் ஆசுபத்திரி

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. தீனம் முற்றினால் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் இணைப்போடு நின்றுவிடவில்லை. நெய்யூர் மிஷன் ஆசுபத்திரி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி எல்லாம் இருந்தும், இதயம், மூளை, புற்றுநோய் என்றால் களியக்காவிளையைத் தாண்டுகிறவர்கள் ஏராளம். தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கு எல்லை ஒரு பொருட்டல்ல. அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் பொருட்டாகிறது. ஓய்வூதியர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் 2022 ஜூலையில் மாதம் 497 ரூபாய் பிடித்தம் என்று நிர்ணயித்தார்கள். நான்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம், குறிப்பிட்ட சில நோய்களுக்குப் பத்து லட்சம் வரை வரம்பு. ஆனால் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த ஆசுபத்திரி பட்டியலில் இல்லையென்றால் மறுப்பு வருகிறது.

இவர்களின் வழி வேறு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் முறையிட வேண்டும். அங்கும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பட்டியலில் இல்லாத ஆசுபத்திரி என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா, அவசியமா என்றுதான் பார்க்க வேண்டும் என மத்திய அரசு ஓய்வூதியரான சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றமும் பல ஓய்வூதியர்களுக்குப் பணம் தர உத்தரவிட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு எழுத்தரும் தனித்தனியாக மதுரைக்குப் போய் ஒரே தீர்ப்பைத் திரும்பத் திரும்ப வாங்கிவர வேண்டிய நிலை அரசுக்கு அழகல்ல. அவசர சிகிச்சை என்றால் பட்டியல் பார்க்கப்படாது என்று ஓர் அரசாணை தெளிவாகச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் தீரும். எல்லையோர மாவட்டத்துக்கு அது இன்னும் அவசரம்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காப்பீடு இருக்கிறது என்று தெரிந்ததும் பில்லை ஊதும் ஆசுபத்திரிகள் இருக்கின்றன. தேவையில்லாத சேர்க்கைகள் உண்டு. பொய்யான கிளெய்ம்களும் உண்டு. அந்தப் பணம் எல்லோரும் கட்டும் பிரீமியத்திலிருந்துதான் போகிறது. சந்தேகத்துக்கு உரியதை ஆராய்வது நிறுவனத்தின் கடமை. ஆனால் ஆராய்வதற்கான ஆட்களும் மருத்துவர்களும் மென்பொருளும் ஒரு பக்கமே இருக்கின்றன. மறுபக்கம் இருப்பது ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் படிக்கக் கொடுப்பது என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு மனிதர். இந்தச் சமமின்மையைக் குறைக்கப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம்.

பாலிசியின் சாரத்தைச் சொல்லும் தகவல் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ ஏற்கெனவே விதித்திருக்கிறது. பணம் வாங்கும்போது தமிழ் தர முடியுமென்றால், பணம் மறுக்கும்போதும் தர முடியும். மறுப்புக் கடிதம் தமிழில் வர வேண்டும். அடுத்து எங்கே, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ஓம்பட்ஸ்மேன் தன் எல்லைக்குள் பல இடங்களில் அமர்வு நடத்த விதியிலேயே இடமுண்டு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது நாகர்கோவிலில் நடத்தட்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போடும் இ-சேவை மையத்திலேயே காப்பீட்டுப் புகாரையும் பதிந்து கொடுக்க ஏற்பாடு செய்யலாம். ஊர் நூலகங்களில், சங்கங்களில், கோயில் கமிட்டியிலும் சர்ச் கமிட்டியிலும் ஆங்கிலக் கடிதம் படித்துச் சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். நம் பகுதியில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

காத்திருக்கத் தெரிந்த ஊர் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் நானூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்குக் கண்டது. காப்பீட்டு வழக்கில் மட்டும் அந்தப் பொறுமை ஆகாது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்ததிலிருந்து ஓராண்டு கடந்தால் ஓம்பட்ஸ்மேனின் கதவு மூடிவிடும். இரண்டு ஆண்டு கடந்தால் நுகர்வோர் ஆணையத்தில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பாருங்கள். மறுப்புக் கடிதம் ஏதாவது மடித்துக் கிடந்தால், முதலில் அதன் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ‘குறைதீர் அதிகாரி அவர்களுக்கு’ என்று தொடங்குங்கள்.